தண்ணீர் தவறினால் பஸ்

என் மகளுக்குச் சிறுநீரகம் ஒன்றுதான். மற்றதை அவள் தன் தாய்க்குக் கொடுத்தாள். அதன்பின் என் மனைவி நான்கு ஆண்டுகள் இருந்தார்; சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுத எண்ணியது, இந்த மாசியில் மகளும் நானும் ஹட்டனிலிருந்து வலப்பனை நோக்கித் தேயிலை மலைகளினூடே நடந்த நடையைப் பற்றி. அந்த நடையில் தண்ணீருக்கு ஏன் அவ்வளவு இடம் கொடுத்தோம் என்பது மேலே சொன்னதைக் கொண்டுதான் விளங்கும்.

மனைவியின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் முடிந்து உறவினர்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அவள் பேச்சைத் தொடங்கினாள்.

“அப்பா, நான் வலப்பனைக்கு நடந்து போகப் போறன்.”

“வலப்பனைக்கு பஸ் இருக்கே, பிள்ளை.”

“இருக்கு. நான் நடக்கப் போறன். நீங்களும் வாறதெண்டால் வாங்கோ.”

வெளிநாட்டவர்கள் முதுகுப் பையோடு தோட்டங்களுக்கூடாக நாள்கணக்கில் நடப்பதைச் சில ஆண்டுகளாகவே பார்த்து வருகிறோம். எங்களைப் போன்றவர்கள் அப்படி நடப்பதில்லை. அவள் ஹட்டனில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஊர் அவளைச் சுமை தூக்க விடவில்லை. கடையில் அரிசிப் பையை அவள் கையிலிருந்து யாராவது வாங்கிவிடுவார்கள். பாடசாலையில் விளையாட்டுப் போட்டி வந்தால் நிழலில் ஒரு கதிரை போட்டுப் புள்ளி எழுதும் வேலையைக் கொடுப்பார்கள். பேசி வந்த இரண்டு கலியாணங்களும் பிள்ளையின் உடம்பைப் பற்றிய விசாரணையோடு நின்றன. என் மனைவி போன பிறகு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது: கொடுத்தது வீணாய்ப் போயிற்றே என்பது. அதை அவள் முன்னால் எவரும் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்கள். அடுத்த அறையில் இருப்பவருக்குக் காது இல்லை என்று நினைப்பது ஆறுதல் சொல்ல வருபவர்களின் வழக்கம்.

இவற்றை எல்லாம் அவள் மரியாதையோடு பொறுத்துக்கொண்டாள். இந்த ஓராண்டில் தனக்கென்று அவள் கேட்ட முதல் காரியம் இந்த நடை. அதனால் நான் மறுக்கவில்லை. வைத்தியரிடம் இருவரும் போனோம். தாராளமாக நடக்கலாம், உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். வாக்கியத்தின் முதற்பாதியோடு அவள் வீடு திரும்பினாள். இரண்டாம் பாதியோடு நான் திரும்பினேன்.

அன்று மாலை ஓர் ஒப்பந்தம் செய்தோம். எங்கே நடப்பது, எவ்வளவு நடப்பது என்பது அவள் பொறுப்பு. தண்ணீருக்கும் மழைக்கு ஒதுங்குவதற்கும் இடம் குறிப்பது என் பொறுப்பு. நான் குறித்த ஓரிடத்திலேனும் தண்ணீர் கிடைக்காமல் போனால் நடை அத்தோடு முடிந்தது. கிடைக்கும் முதல் பஸ்ஸில் வீடு. அவள் சற்று நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். அவள் சம்மதித்தால் சம்மதித்ததுதான். அந்தக் குணம் தாயிடமிருந்து வந்தது.

திட்டமிடுவது எனக்குப் பழக்கமான தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் ஆசிரியராக இங்கு வந்து, பின்னர் கல்வி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தோட்டப் பாடசாலைகளுக்குப் பரீட்சை நிலையம் ஒழுங்கு செய்ததிலேயே பாதி வாழ்நாள் கழிந்தது. ஆயினும் தண்ணீரை ஒழுங்கு செய்வது வேறு வகையான வேலை. நிலப்படத்தில் நீலக் கோடுகள் ஏராளம். தேயிலை நாட்டில் அவற்றில் பெரும்பாலானவை குடிக்க உதவா. புல்லுக்கு மருந்தடித்த மலைக்குக் கீழே ஓடும் ஓடை பார்க்கப் பளிங்கு போலத்தான் இருக்கும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே வருவதும் அப்படியே. நம்பக்கூடியது உச்சிக்காட்டின் அடியில் கசியும் ஊற்று. அதைக் குழாய் வைத்து இறக்கி, ஆட்கள் குளிக்கவும் குடம் நிரப்பவும் விழவிட்டிருக்கும் இடத்தை இங்கே பீலி என்பார்கள். ஒரு பீலிக்கு மேலே எவரும் ஆடு கட்டுவதில்லை, துணி தோய்ப்பதில்லை. எந்த அறிவித்தற் பலகையும் இல்லாமல் தலைமுறைகளாக நடந்துவரும் அந்தக் கட்டுப்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் நிலப்படத்தில் முதலில் பீலிகளைக் குறித்தேன். பிறகு பாடசாலைகள், கோயில்கள், சந்திக் கடைகள்.

சிக்கல் அவற்றுக்கு மேலே இருந்தது. லயங்களை விட்டு உயரப் போனால் தண்ணீரும் கூரையும் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. அவை கொழுந்து எடுப்பவர்களோடு நகர்கின்றன. ஒவ்வொரு மலையிலும் கொழுந்து நிறுக்கும் ஒரு கொட்டகை உண்டு. மடுவம் என்பது அதன் பெயர். அந்த மலையில் கொழுந்து எடுக்கும் நாளில் மடுவம் திறந்திருக்கும், குழாயில் தண்ணீர் விட்டிருப்பார்கள், பத்து மணிக்குத் தேநீர் வாளி வந்து சேரும். மறுநாள் வேறு மலை, வேறு மடுவம். இதை எனக்கு முதலில் சொன்னவர் என் மனைவி. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். திருமணமான புதிதில், ஒரு தோட்டப் பாடசாலைக்குக் குறுக்கு வழியில் நடந்து நாவறண்டு வந்த என்னைப் பார்த்து அவர் சிரித்தது நினைவிருக்கிறது. “ஆளு நிக்கிற மலையாப் பாத்துப் போகணும்ங்க. ஆளில்லாத மலையில அட்டை மட்டுந்தான் இருக்கும்.”

அதையே என் திட்டத்தின் அடிப்படையாக்கினேன். வழியிலுள்ள தோட்டங்களில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கிழமையில் எந்த மலை எடுக்கிறார்கள் என்று கேட்டேன். அதற்கேற்ப எங்கள் பாதையை அங்குமிங்கும் நகர்த்தினேன். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமையில் கடைத்தெரு உள்ள ஊரில் இருக்கும்படி பார்த்தேன். வேலைநிறுத்தப் பேச்சு இருக்கிறதா என்று விசாரித்தேன். பிற்பகல் மழை பிடித்தால் ஒதுங்குவதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கூரையைக் குறித்தேன். இரவு தங்க ஆசிரியர் விடுதிகள். முடித்துக் கொடுத்தபோது மகள் அதை விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“இது நடையோ, சோதனை நேரசூசியோ?”

“சோதனைதான்.”

“ஆருக்கு அப்பா?”

நான் நிலப்படத்தை மடித்தேன்.

முதல் இரண்டு நாட்களும் திட்டம் பிழைக்கவில்லை. அதைவிட, அவள் நடப்பதைப் பார்ப்பதே எனக்குப் புதிதாயிருந்தது. ஏற்றத்தில் அவள் வேகம் குறையாது, இறக்கத்தில் கூடாது. எதிர்ப்படும் எவரையும் முதலில் அவள்தான் விசாரிப்பாள். என்னோடு என் ஊர்ப் பேச்சிலும், அவர்களோடு தன் தாயின் பேச்சிலும், இரண்டுக்குமிடையில் மூச்சு வாங்காமல் மாறினாள். மடுவங்களில் பெண்கள் எங்களுக்கும் தேநீர் ஊற்றினார்கள். நான் ஒரு கடமையைத் தவறாது செய்துவந்தேன்.

“குடிச்சனியோ, பிள்ளை?”

“குடிச்சனான், சேர். கையெழுத்து வைக்கவோ?”

மூன்றாம் நாள் பொகவந்தலாவையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கமாக ஏறத் தொடங்கினோம். முழு நடையிலும் நீண்ட ஏற்றம் அதுதான். பாதி ஏற்றத்தில் ஒரு மடுவத்தைக் குறித்திருந்தேன். அன்று அந்த மலையில் கொழுந்து எடுப்பதாக உறுதியான தகவல். அன்று வெயிலும் உறுதியாக இருந்தது. மடுவம் கண்ணில் படுமுன்பே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. கொழுந்து எடுக்கும் மலையைத் தொலைவிலிருந்தே காதால் அறியலாம். கூப்பிடும் குரல், சிரிப்பு, யாரோ யாரையோ ஏசுவது. இங்கே காற்று மட்டும் இருந்தது. மடுவத்தின் கதவில் பூட்டு. குழாயைத் திருகினேன், ஒரு மூச்சு விட்டுவிட்டு அதுவும் நின்றது.

என் போத்தல் காலி. அவளுடையதில் அடியில் கொஞ்சம் இருந்தது. அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

“நீ குடி,” என்றேன்.

“எனக்கு ஒண்டுதான். உங்களுக்கு ரெண்டு இருக்கு, ரெண்டுக்கும் தண்ணி வேணும். நீங்கள்தான் குடிக்கோணும்.”

அவள் சிரித்தாள். அவளுடைய உதடுகள் உலர்ந்து வெளிறியிருந்தன. நான் சிரிக்கவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் காற்று திரும்பியது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தப்பு அடிக்கும் ஓசை வந்தது. மெதுவான, ஒரே சீரான அடி. இந்த மலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவனுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் தோட்டத்தின் அந்தப் பிரிவே அன்று மலைக்குப் போகாது. தோட்டக்காரர் அனைவரும் அறிந்த வழக்கம் இது, நானும் அறிந்ததுதான். என் திட்டத்தில் போயா இருந்தது, ஞாயிறு இருந்தது, வேலைநிறுத்தம்கூட இருந்தது. சாவு இருக்கவில்லை. அதற்கு இடம் விடாமல் திட்டம் போடும் மனிதனாக மனைவியின் திவசம் முடிந்த கையோடு நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

“கீழ போவம் அப்பா,” என்றாள் மகள். “ஆக்கள் எல்லாரும் அங்கதான் இருப்பினம்.”

பாதையை விட்டு, தேயிலைச் செடிகளுக்கிடையே ஓசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். லயத்தின் முன்னால் தறப்பாள் கட்டி, அதன் கீழ் ஆண்கள் வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள். இறந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர் என்று பின்னர் அறிந்தேன். எங்கள் பைகளைப் பார்த்துப் பேச்சு நின்றது. நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகியபடி எங்களிடம் வந்தார்.

“வாங்கய்யா, வா புள்ள. தூரத்துலருந்து வர்றீங்களா? கொழும்புல உள்ள மகனோட ஆளுங்களா?”

ஆம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ எளிது. மகள் சொல்லவில்லை.

“இல்லக்கா. நாங்க இந்தப் பக்கமா நடந்து போய்க்கிட்டிருந்தோம். மேல மடுவத்துல தண்ணி இல்ல. சாவு வீடுன்னு தெரியாது, மன்னிச்சுக்கங்க.”

“நடந்தா? ஏன், பஸ்ஸு ஓடலயா இன்னைக்கு?”

வாங்கிலிருந்த ஒருவர் குரல் கொடுத்தார். “வெள்ளக்காரங்கதான் மூட்டயத் தூக்கிக்கிட்டு மலமலயா அலையுவாங்க. இப்ப நம்மாளுகளுக்கும் பிடிச்சிருச்சா?”

“சும்மா இருங்க மாமா, புள்ள வாயி காஞ்சு போயி நிக்கிது,” என்று அந்தப் பெண் அவரை அடக்கினார். பிறகு எங்களிடம், “சாவு வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. எங்க காம்பராவுக்கு வாங்க, அந்தக் கடைசி,” என்றார்.

லயத்தின் கடைசி வீட்டில், கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரை ஒரு செம்பில் கொடுத்தார். மகள் குடித்தாள். இரண்டாம் செம்பும் குடித்தாள். அதன் பிறகே நான் வாங்கிக் குடித்தேன். அடுப்பில் பெரிய கிடாரமொன்றில் சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கான இஞ்சித் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் அன்று அடுப்பெரியாது. அடுத்த வீடுகள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை எடுத்து ஊற்றினார்.

“மெதுவாக் குடி. மேலுக்கு ஏதும் முடியலயா?”

நான் வாயெடுத்தேன். எல்லா இடங்களிலும் இதற்குப் பதில் சொல்பவன் நான்தான். அன்று மகள் முந்திக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன்க்கா. கிட்னி ஒன்ன அம்மாவுக்குக் குடுத்தேன். அதனால தண்ணி மட்டும் தவறக் கூடாது.”

“அம்மா சொகமா இருக்காங்களா?”

“போன வருசம் போய்ட்டாங்க.”

வழமையான சொற்களுக்காக நான் காத்திருந்தேன். அந்தப் பெண் தேநீரை ஒருமுறை அகப்பையால் கலக்கினார்.

“குடுத்ததுக்கப்புறம் எத்தன வருசம் இருந்தாங்க?”

“நாலு.”

“நாலு வருசமா!” அவர் திரும்பி மகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். சந்தையில் நல்ல சாமானைப் பார்ப்பதுபோன்ற பார்வை. “தெம்பான புள்ளதான். சரி, தேத்தண்ணியக் குடிச்சிட்டியா? அந்தப் பக்கத்துக் காதப் புடி. அங்க அம்புட்டுப் பேரும் காஞ்சு போய் உக்காந்திருக்காங்க.”

கிடாரம் பெரியது. நிரம்பக் கொதிதேநீர். நான் பாதி எழுந்துவிட்டேன். அதை நான் பிடிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய சொற்கள் நாவின் நுனியில் இருந்தன. மகள் துணியை மடித்துக் கிடாரத்தின் காதைப் பற்றி, முழங்காலை மடித்து, ஒரே மூச்சில் நிமிர்ந்தாள். மறுபக்கத்தில் அந்தப் பெண்.

“ஆடாம வா. சிந்துனா உன் காலுதான் வேகும்.”

“நீங்க மொதல்ல நேரா போங்கக்கா. நீங்கதான் கோணலாப் போறீங்க.”

“அடி ஆத்தி, வாயப் பாரு!”

நான் மெல்ல உட்கார்ந்துகொண்டேன். லயத்தின் நீளம் முழுதும் அவர்கள் அதைச் சுமந்து போவதை வாசலிலிருந்து பார்த்தேன். ஐந்து ஆண்டுகளாக எவரும் அவள் கையில் ஒரு பாரத்தைக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவள் முதுகு நேராக இருந்தது. என் மனைவி காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில், தாயைப் படுக்கையிலிருந்து தூக்கி அமர்த்துகையில் அவளுடைய முதுகு அப்படித்தான் இருக்கும். அப்போதும் நான் பார்த்திருக்கிறேன். அது பலம் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை; கவலை மட்டுமே இருந்தது.

அன்று நாங்கள் மேலே போகவில்லை. வந்த இடத்தில் சாவுக் காரியம் நடக்கும்போது தண்ணீரைக் குடித்துவிட்டுப் புறப்படுவது முறையல்ல. மகள் மாலை வரை அந்தப் பெண்ணோடு கோப்பைகள் கழுவினாள், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். பாடை எடுத்தபோது ஆண்களோடு நானும் போனேன். தேயிலைக்கு நடுவே இருந்த சிறிய மயானம். என் மனைவிக்கு நான் செய்தவை அனைத்தும் நினைவில் ஒழுங்காக வந்தன. அவற்றை அதே ஒழுங்கில் போகவிட்டேன். திரும்பி வந்து எல்லாருடனும் பீலியில் குளித்தேன். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. இரவு, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காம்பராவைத் திறந்து எங்களுக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

காலையில் அவள் எனக்கு முன்பே எழுந்து பைகளைக் கட்டியிருந்தாள். கீழ்ப்பாதைக்கு எத்தனை மணிக்கு பஸ் வரும் என்று விசாரித்தும் வைத்திருந்தாள். முறையிடவில்லை, சலுகை கேட்கவில்லை, முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. குறித்த இடத்தில் தண்ணீர் தவறிவிட்டது, பேசியபடி வீடு. எனக்குப் பாதுகாப்பான முடிவு அது. நான் விரும்பியதும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும். பாதையோரத்தில் அவள் தன் இரண்டு கைகளையும் பையின் பட்டிகளில் கோத்துக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

பஸ் வந்தது. அவள்தான் கையைக் காட்டினாள்.

“ஏறுங்க, ஏறுங்க, முன்னுக்கு எடம் இருக்கு!” என்றார் நடத்துநர்.

அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

“பிள்ளை, இறங்கு,” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்கய்யா இது? கையக் காட்டி நிப்பாட்டிட்டு எறங்கச் சொல்றீங்க! வெளையாட்டா?” நடத்துநருக்குக் கோபம். “ஏறுறதா இல்லையா?”

“இல்லை, தம்பி. நீங்கள் போங்கள்.”

அவர் எங்களைப் பற்றிச் சிங்களத்தில் சாரதியிடம் ஏதோ சொன்னார். முன்னிருக்கையில் இருந்த சிலர் சிரித்தார்கள். மகள் காலைப் படியிலிருந்து எடுத்தாள்; பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

“தண்ணி தவறினதுதானே அப்பா. கதைச்சபடி பாத்தால் நாங்கள் போகோணும்.”

“தவறினது என்ர திட்டம். நீ தவறேல்லை.”

நான் பையைத் தோளில் ஏற்றினேன், பட்டி முறுக்கிக்கொண்டது, அதை அவள் நேராக்கிவிட்டாள்.

“அப்ப இண்டைக்குத் தண்ணி எங்க?”

“தெரியாது. கேட்டுக்கொண்டு போவம்.”

லயத்துப் பக்கமிருந்து பெண்கள் கூடைகளோடு வேலைக்கு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் நேற்றைய பெண்ணும் இருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டீர்களா என்று அவர் தூரத்திலிருந்தே கேட்டார். இல்லை, அனுப்பிவிட்டோம் என்று மகள் பதிலுக்குக் கத்தினாள். பிறகு இரண்டு எட்டில் அவர்களோடு சேர்ந்துகொண்டு, எந்த மலைக்குப் போகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினாள். நான் பின்னால் நடந்தேன்.